தட்டையாகக் கிடப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு

பூம்புகார் மீனவர் தெருக்களில் பகல் வேளையில் நடந்தால், நைலான் வலையை மடியில் பரப்பிக்கொண்டு கிழிந்த கண்களை அடைப்பவர்களைப் பார்க்கலாம். வலை ஊசியில் நூல் சுற்றியிருக்கும். ஒவ்வொரு கண்ணின் மூலையிலும் ஒரு முடிச்சு விழும்; அதை இழுத்து இறுக்கிவிட்டு அடுத்த கண்ணுக்குப் போவார்கள். கடற்கரையை விட்டு உள்ளே வந்தால், சீர்காழியானாலும் மயிலாடுதுறையானாலும், வீடுகளுக்குள் இன்னொரு நூல் வேலை கிடக்கும்: வெள்ளை நூலில் பின்னிய வட்ட விரிப்பு. ஒரு காலத்தில் அது ரேடியோவின் மேல் கிடந்தது. பிறகு டிவியின் மேல் ஏறியது. டிவி மெலிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டதும் ஃபிரிட்ஜின் தலைக்கு இடம் மாறியது. குரோஷா என்று சொன்னால் எல்லா வீட்டிலும் புரியும்.

இரண்டுமே நூலைக் கொண்டு ஓட்டைகளைக் கட்டும் வேலைகள். பழைய புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் குடியிருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும் நெசவாளர்களுக்கு ஓட்டை என்பது குற்றமாக இருந்திருக்கும். வலைக்கும் லேஸுக்கும் ஓட்டைதான் சரக்கு. ஆனால் கட்டுகிற முறையில் இரண்டும் நேர் எதிர்.

வலையில் விழுவது உண்மையான முடிச்சு. நூலின் முனையை ஊசியோடு சேர்த்துக் கண்ணுக்குள் முழுவதுமாக நுழைத்து மறுபக்கம் எடுத்தால்தான் அது விழும். நண்டு கடித்தோ பாறையில் சிக்கியோ ஓரிடத்தில் அறுந்தால், கிழிசல் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். முடிச்சுகள் அடுத்த கண்ணைக் காத்துக்கொள்ளும். குரோஷாவிலோ நூலின் முனை எதற்குள்ளும் நுழைவதில்லை. கொக்கி ஊசி நூலின் நடுப்பகுதியை வளைத்துப் பிடித்து, ஏற்கெனவே இருக்கும் கண்ணிக்குள் ஒரு புதுக் கண்ணியாக இழுக்கிறது. செய்முறை அவ்வளவுதான். இதையே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் செய்தால் விரிப்பு.

இதனால் ஒரு வேடிக்கையான நிலை உண்டாகிறது. கணிதத்தில் முடிச்சுகளை ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அந்தக் கணக்கின்படி, பார்ப்பதற்கு ஆயிரம் முடிச்சு போட்டதுபோல் இருக்கும் குரோஷா விரிப்பில் முடிச்சே கிடையாது. கடைசிக் கண்ணிக்குள் நூல் முனையை நுழைத்துப் பூட்டும்வரை அது வெறும் நீள நூல். முனையைப் பிடித்து இழுத்தால் ஒரு வாரத்து வேலை ஒரு நிமிடத்தில் உருவிக்கொண்டு வந்துவிடும். ஆரம்பத்தில் போட்ட சுருக்குக் கண்ணியும் சேர்ந்து அவிழும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. தப்பாகப் போனால் உருவிவிட்டு அதே நூலில் மறுபடி பின்னலாம்.

ஸ்வெட்டர் பின்னும் இரட்டை ஊசி முறையில் ஒரு வரிசை முழுவதும் திறந்த கண்ணிகளாக ஊசியில் தொங்கும். குரோஷாவில் எந்த நேரத்திலும் திறந்திருப்பது பொதுவாக ஒரே ஒரு கண்ணி. அடுத்த கண்ணியை எந்தத் திசையில் வேண்டுமானாலும் போடலாம். நடுவில் தொடங்கிச் சுற்றிக்கொண்டே வெளியே வரலாம். வட்ட விரிப்பு இந்தக் கைவேலைக்கு இயல்பாக வாய்த்தது அதனால்தான்.

முடிச்சு இல்லையென்றால் விரிப்பு எப்படி நிற்கிறது? நூல் தன்மேல் தானே உரசி நிற்கிறது. பருத்தி நூல் பெரிதாக நீளாது. ஆனால் அதில் பின்னிய விரிப்பை இழுத்தால் நீளும், விட்டால் ஓரளவு சுருங்கும். நீள்வது நூல் இல்லை, கண்ணிகளின் வடிவம். எந்தப் பின்னலை எந்த வரிசையில் போட்டால் துணி எவ்வளவு விறைக்கும், எவ்வளவு நீளும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியுமா என்று அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் எலிசபெட்டா மாட்சுமோட்டோ என்ற இயற்பியலாளரின் குழு ஆராய்ந்து வருகிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது இரட்டை ஊசிப் பின்னலை.

இனி விஷயத்துக்கு வருவோம். வட்ட விரிப்பைப் பின்னத் தொடங்குகிற யாருக்கும் முதலில் வரும் தொல்லை, அது தட்டையாகக் கிடக்க மறுப்பது. ஒருவருடையது கிண்ணம் போலக் குழியும். இன்னொருவருடையது ஓரமெல்லாம் அலை அலையாகச் சுருண்டு எழும். பழகிய பெண்மணி கையில் வாங்கிப் பார்த்து, “சுத்துக்கு ஆறு கூட்டணும், நீ எட்டு கூட்டியிருக்கே” என்பார். அந்த ஆறு எங்கிருந்து வந்தது?

பள்ளியில் படித்த 2πr இலிருந்துதான். வட்டத்தின் ஆரம் ஒரு பங்கு கூடினால் சுற்றளவு 2π பங்கு, அதாவது ஏறத்தாழ 6.28 பங்கு, கூட வேண்டும். ஒவ்வொரு சுற்று போடும்போதும் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் அளவுக்குக் கூடுகிறது. குட்டைக் கண்ணிக்கு உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் 6.28 கண்ணிகள் கூடுதலாக வேண்டும். கால் கண்ணி போட முடியாது, ஆறு போடுகிறோம். ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிப் போடும் உயரக் கண்ணி அகலத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு உயரம், அதற்குப் பன்னிரண்டு. முதல் சுற்றில் ஆறு, அடுத்ததில் பன்னிரண்டு, பிறகு பதினெட்டு, இருபத்து நான்கு என்று பாட்டிமார் ஒப்பித்தது π இன் வாய்ப்பாடு.

அந்த 0.28 என்ன ஆகும்? பத்துச் சுற்று முடிந்தால் கையில் 60 கண்ணிகள் இருக்கும்; தட்டையான வட்டம் கேட்பது 63. நூற்றுக்கு நாலரை குறைகிறது. விரிப்பு லேசாகக் குழியப் பார்க்கும்; நனைத்து இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தால் அந்தக் குறையைக் கண்ணிகளே நெகிழ்ந்து ஏற்றுக்கொள்ளும். சிலர் கை இறுக்கம், சிலர் கை தளர்வு. அதனால் கண்ணியின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு ஆறு சரியாக வரும், இன்னொருவருக்கு ஏழு தேவைப்படும். புத்தகத்தில் உள்ள எண்ணிக்கையை அப்படியே போட்டும் விரிப்பு சுருள்கிறதென்றால் கையைக் குறை சொல்ல வேண்டாம், எண்ணை மாற்றினால் போதும். இன்னொன்று: ஆறு கூட்டல்களையும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தின் மேல் போட்டுக்கொண்டு போனால் வட்டம் அறுகோணமாகிவிடும். இடம் மாற்றி மாற்றிப் போட்டால்தான் உருண்டையாக வரும்.

லேஸ் விரிப்பில் கண்ணிகளைவிட வெற்றிடம் அதிகம். அங்கே சுற்றளவைத் தருவது வளைவு வளைவாகத் தொங்கும் சங்கிலிகளின் நீளம். ஐந்து சங்கிலி வளைவுக்கு மேல் ஆறு சங்கிலி வளைவு, அதற்கு மேல் ஏழு என்று வடிவத்தாள்கள் சொல்வது இந்தக் கூட்டலைத்தான். சுற்றுக்குச் சுற்று கூட்டியே தீரவேண்டும் என்பதும் இல்லை. எலிசபெத் ஸிம்மர்மன் என்ற பின்னல் ஆசிரியர் வட்டச் சால்வை ஒன்றுக்கு இன்னொரு வழி கண்டார்: ஆரம் இரண்டு மடங்காகும் இடங்களில் மட்டும் கண்ணிகளை இரண்டு மடங்காக்குவது, மற்றச் சுற்றுகளில் ஒன்றும் கூட்டாமல் போவது. நெகிழ்ந்த பின்னல் இடைவெளிகளைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். அந்தச் சால்வைக்குப் பெயரே பை சால்வை.

சரி, வேண்டுமென்றே தப்பாகக் கூட்டினால்? சுற்றுக்கு நான்கு மட்டும் கூட்டுங்கள். பத்தாவது சுற்றில் 63 வேண்டிய இடத்தில் 40 தான் இருக்கும். விரிப்பு கூம்பாக எழும். கூட்டுவதைப் போகப்போகக் குறைத்தால் கிண்ணமாகும், தொப்பியாகும். எட்டு கூட்டினால் பத்தாவது சுற்றில் 80. மிகுந்த பதினேழு கண்ணிகளுக்குத் தட்டையில் இடம் கிடையாது, மேலும் கீழும் மடிந்துதான் ஆகவேண்டும். ஓரம் அலைபாய்வது இந்த நெரிசலால்தான்.

கார்ல் ஃபிரெட்ரிக் காஸ் 1827இல் வளைபரப்புகளைப் பற்றி எழுதிய ஆய்வில் ஒரு முடிவைச் சொன்னார். அவருக்கே அது வியப்பளித்திருக்க வேண்டும். லத்தீனில் அதைச் சிறப்பான தேற்றம் என்றே அழைத்தார். ஒரு பரப்பு வளைந்திருக்கிறதா என்று அறிய அதை வெளியிலிருந்து பார்க்க வேண்டியதில்லை, பரப்பின் மேலேயே இருந்துகொண்டு தூரங்களை அளந்தால் போதும் என்பது அதன் சாரம். குரோஷா பின்னுகிறவருக்கு இது அன்றாட அனுபவம். விரிப்பைக் கண்ணால் பார்க்காமல், எத்தனையாவது சுற்று, எத்தனை கண்ணி என்ற இரண்டு எண்களை மட்டும் சொன்னால் போதும். அது குழிந்திருக்கிறதா, கிடக்கிறதா, சுருண்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஜெர்மானியப் பேராசிரியர் சமன்பாட்டில் எழுதியதை இவர் விரலில் எண்ணுகிறார். அளவுகள் நுணுக்கத்தில் வேறு, எண்ணம் ஒன்றுதான்.

நிலையாகச் சுற்றுக்கு எட்டு கூட்டும் விரிப்பில் ஒரு நுட்பம் உண்டு. அதன் வளைவு முழுவதும் நடுப்புள்ளியில் குவிந்திருக்கிறது. மற்ற இடங்களில் அது காகிதம்போலத் தட்டையானதுதான். நான்கு கூட்டிய கூம்பும் அப்படியே: ஒரு பக்கம் கத்தரித்தால் மேசையில் விரியும். எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு அலைபாயும் பரப்பு வேண்டுமென்றால், எண்ணிக்கையாகக் கூட்டாமல் விகிதமாகக் கூட்ட வேண்டும். ஐந்து கண்ணிக்கு ஒன்று என்று கூட்டிக்கொண்டே போவதாக வையுங்கள். ஆறில் தொடங்கினால் இருபது சுற்றுக்குப்பின் 230 கண்ணிகள், முப்பது சுற்றுக்குப்பின் 1,400க்கு மேல். தட்டை வட்டத்துக்கு அப்போது வேண்டியது 200க்கும் குறைவு. கூட்டுவட்டிக் கணக்கு இது. கடைசிச் சுற்று மட்டும் மொத்த நூலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இப்படிப் பிறக்கும் பரப்புக்குக் கணிதத்தில் அதிபரவளையத் தளம் என்று பெயர். யூக்ளிடின் இணைகோட்டு விதி அங்கே செல்லாது: ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக, அந்தக் கோட்டை வெட்டாத கோடுகள் எத்தனை வேண்டுமானாலும் போகும். ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கியும் ஹங்கேரியின் போல்யாயும் 1830ஐ ஒட்டித் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக மாணவர்களுக்கு அதைத் தொட்டுக் காட்ட நல்ல மாதிரி இல்லை. காகிதப் பட்டைகளை ஒட்டிச் செய்தார்கள், கிழிந்து போனது. 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற லாட்வியக் கணிதர் குரோஷா ஊசியை எடுத்தார். விகிதமாகக் கூட்டிப் பின்னிய அவரது மாதிரியை மடிக்கலாம், கசக்கலாம், அதன்மேல் தையல் நூலால் நேர்கோடுகள் போட்டு இணைகோட்டு விதி பொய்ப்பதைக் கண்ணால் பார்க்கலாம். கணித வகுப்பில் பல தலைமுறைகள் தேடிய பொருள், அலைபாய்ந்துவிட்டது என்று வீடுகளில் பிரித்துப்போட்ட விரிப்புக்கு நெருங்கிய உறவாக இருந்தது. அவர் எழுதிய நூலுக்கு ஆண்டின் மிக விசித்திரமான தலைப்புக்கான டயகிராம் பரிசும் கிடைத்தது, பிறகு 2012இல் அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்றின் ஆய்லர் நூல் பரிசும் கிடைத்தது. இரண்டுக்கும் தகுதியான நூல்தான்.

இயற்கையில் இந்த வடிவம் ஏராளம். கொல்லையில் பூக்கும் கோழிக்கொண்டையைப் பாருங்கள்: ஓரம் நடுவைவிட வேகமாக வளர்கிறது, மிகுந்த நீளம் மடிப்பாகிறது. மன்னார் வளைகுடாவின் பவளங்களில் சில வகைகள் இப்படி ஏடு ஏடாகச் சுருள்கின்றன; சிறிய இடத்தில் நிறையப் பரப்பு கிடைத்தால் வெளிச்சமும் இரையும் அதிகம் கிடைக்கும். மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் என்ற சகோதரிகள் 2005இல் குரோஷாவிலேயே ஒரு பவளத்திட்டைப் பின்னத் தொடங்கி, பல நாடுகளின் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அதைக் கண்காட்சிகளாக வளர்த்தார்கள். செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. பிளாஸ்டிக் பையை மெதுவாக இழுத்துக் கிழித்தால் கிழிந்த ஓரம் அலையாகச் சுருளும்; ஓரம் மட்டும் நீண்டுவிட்டதால் வரும் சுருள் அது. டெக்ஸாஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதையே ஆராய்ந்து 2002இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

விரிப்புக்குத் திரும்புவோம். கணக்கு சரியாக வந்தாலும் ஈரக்காற்றுள்ள கடற்கரை ஊரில் அது துவண்டு போகும். அதற்கு மருந்து காவிரி டெல்டாவின் அடுப்படியிலேயே இருக்கிறது: கஞ்சி.

அரிசி மாவுச்சத்தும் பருத்தியும் வேதியியலில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டும் குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலிகள். கோத்த கோணம் மட்டும் வேறு. ஒரு கோணத்தில் கோத்தால் சுருண்ட சங்கிலி, சோறு. இன்னொரு கோணத்தில் கோத்தால் நேரான சங்கிலி, துணி. அரிசியை வேகவைக்கும்போது சுமார் 70 பாகை வெப்பத்தில் மாவுமணிகள் நீரைக் குடித்துப் பருக்கின்றன. உள்ளிருக்கும் அமைலோஸ் என்ற நீளச் சங்கிலிகள் கசிந்து வெளியேறுகின்றன. வடிகஞ்சியின் வழவழப்பு அதனால்தான். அந்தக் கஞ்சியில் விரிப்பை நனைத்து, சுற்றுக்குச் சுற்று குண்டூசி குத்தி, நிழலில் காயவைத்தால், நீர் போகப்போக மாவுச் சங்கிலிகள் பருத்திச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டி, கண்ணிகளை நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்கின்றன. நெகிழ்ந்து நின்ற அந்த நூற்றுக்கு நாலரைப் பங்கும் அப்படியே உறைந்துவிடும்.

நம்மிடம் உள்ள தானிய மாவுகளில் அரிசியின் மணிகள் மிகச் சிறியவை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகள்தான். உருளைக்கிழங்கு மாவின் மணி அதைப்போல் பல மடங்கு பெரிது. நுண்ணிய லேஸின் ஓட்டைகளை அடைக்காமல் நூலில் மட்டும் படிய அரிசிதான் ஏற்றது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சலவைக்காரர்களும் லேஸுக்கு அரிசி மாவைத் தேடினார்கள். ஒரு குறிப்பு: வெள்ளை விரிப்புக்குப் பச்சரிசிக் கஞ்சி போடுங்கள். புழுங்கலரிசி, அவிக்கும்போது உமியின் நிறத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால், கஞ்சி மங்கலாக இருக்கும். கஞ்சியோடு பெட்டியில் வைக்கவும் வேண்டாம். மாவு ஈரத்தை இழுக்கும். இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. துவைத்து உலர்த்தி வைத்து, வேண்டும்போது மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

குரோஷா நூலுக்கு ஒரு பளபளப்பு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். லங்காஷயரைச் சேர்ந்த ஜான் மெர்சர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் இழை பருத்து வலுவடையும், சாயம் நன்றாகப் பிடிக்கும் என்று கண்டு 1850இல் காப்புரிமை வாங்கினார். ஹொரேஸ் லோ என்பவர் 1890இல் அதே வேலையை நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்தபோதுதான் பளபளப்பு வந்தது. முறுக்கிய நாடாவாக இருந்த இழை உருண்டு நேராகி, ஒளியை ஒரு சீராகத் திருப்பியது. கடையில் வாங்கும் நூல்கண்டின் உறையில் இருக்கும் மெர்சரைஸ்டு என்ற சொல் இந்த இருவரின் வேலைக்கும் பொது.

இந்தக் கைவேலை தென்னிந்தியாவுக்கு மிஷனரிப் பெண்கள் வழியே வந்தது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1820களில் தொடங்கிவைத்தது குரோஷா இல்லை. திண்டின் மேல் ஊசிகள் குத்தி, பல நூல்களைக் கதிர்களில் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக மாற்றிப் போடும் லேஸ். அவர் மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது. குரோஷா லேஸ் பெருந்தொழிலாக வேரூன்றியது இன்னொரு நெல் டெல்டாவில்: கோதாவரியின் நர்சாப்பூரில். கொள்ளிடத்தில் 1836இல் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன் 1847இல் தவளேஸ்வரம் அணையைத் தொடங்கிய அதே கோதாவரிதான். நர்சாப்பூர் குரோஷா லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்தப் பெருமையோடு ஒரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூலில், நர்சாப்பூர்ப் பெண்கள் ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னியும் வெறும் இல்லத்தரசிகளாகவே எண்ணப்பட்டதையும், ஓய்வு நேரத்தில் செய்வது என்று சொல்லியே கூலி அடிமட்டத்தில் வைக்கப்பட்டதையும், லாபம் வியாபாரிகளிடம் சேர்ந்ததையும் விரித்துக் காட்டினார். கதிர் லேஸின் சந்தையை இயந்திரங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பறித்துக்கொண்டன. குரோஷாவை அப்படிப் பறிக்க இன்றுவரை ஆலை இயந்திரம் வரவில்லை. ஆய்வுக்கூட மாதிரிகள் மட்டும் உருவாகியிருக்கின்றன. கடையில் குரோஷா என்று மலிவாகக் கிடைப்பவற்றில் இயந்திரத்தில் ஓடியவை வேறு வகைப் பின்னல்கள். உண்மையான குரோஷா என்றால் யாரோ ஒருவருடைய கை அதில் மணிக்கணக்கில் ஓடியிருக்கிறது. விரிப்பின் விலை ஒருவேளைச் சாப்பாட்டு விலையாக இருந்தால், அந்தக் கைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று வகுத்துப் பார்ப்பது கடினமான கணக்கில்லை. தமிழக அரசு 1973இல் தொடங்கிய கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், நாம் முதலில் நடந்த பூம்புகாரின் பெயரில்தான் கடை நடத்துகிறது. வெண்கலத்துக்கும் தஞ்சாவூர்த் தட்டுக்கும் கைவினை என்று தரும் மதிப்பில் ஒரு பங்காவது குரோஷாவுக்கு வரவேண்டும் என்பது என் எண்ணம்.

கணித ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வட்டத்தின் சுற்றளவை நடத்தும் நாளில் ஒரு நூல்கண்டும் கொக்கி ஊசியும் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். சுற்றுக்கு நான்கு, ஆறு, எட்டு என்று கூட்டி மூன்று வட்டங்கள் பின்னச் செய்யுங்கள்; பத்துச் சுற்று போதும், மூன்றையும் மேசையில் வைத்தால் π தானாகத் தெரியும். பின்ன உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரு முனையில் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், அவரை அழைத்து வாருங்கள். வந்தவருக்கு அன்றைய சம்பளத்தையும் கொடுத்து அனுப்புங்கள்.